எல்லை தாண்டினால் காளைக்கு வேறு சட்டம்

ஆந்திரத்தின் நகரியில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாட்டின் திருத்தணி. இரண்டு பக்கமும் அதே தமிழ், அதே தெலுங்கு, அதே பொங்கல். ஆனால் காளையைக் கூட்டத்துக்கு நடுவே விரட்டி விளையாடலாமா என்று கேட்டால், ஆந்திரத்தில் ஒரு பதில், தமிழ்நாட்டில் வேறொரு பதில்.

ஆந்திரத்தில் சந்திரகிரியை அடுத்த ரங்கம்பேட்டையில் மாட்டுப் பொங்கலான கனுமா அன்று 'பசுவுல பண்டுக' நடக்கும். சாமி படமோ நடிகர் படமோ ஒட்டிய மரப்பலகையைக் கொம்பில் கட்டி, காளையைத் தெருவில் விரட்டுவார்கள். இரு புறமும் நெருக்கியடிக்கும் கூட்டம். கொம்பில் பாய்ந்து பலகையைப் பிடுங்குகிறவருக்கே அது சொந்தம். பெயர்தான் வேறு, இதுவும் ஜல்லிக்கட்டுதான்.

மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது 1960இல். அதற்காக மாநிலங்களவையில் முதலில் குரல் கொடுத்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். ஜல்லிக்கட்டுக்குப் பேர்போன மதுரையில் பிறந்தவர். அந்தச் சட்டத்தை வைத்துத்தான் 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டது. காதை அறுத்தது, வாலை முறித்தது, கண்ணில் எரிச்சல் தரும் திரவத்தைத் தேய்த்தது எல்லாம் அந்த வழக்கில் பதிவாகியிருக்கின்றன. அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு சொல்லும் 'உயிர்' என்பதில் விலங்கின் உயிரும் அடங்கும் என்றார்கள் நீதிபதிகள். இந்த மண்ணில் எழுதப்பட்ட மிக நல்ல தீர்ப்புகளில் அது ஒன்று என்றே நான் நினைக்கிறேன்.

2017இல் அந்தத் தடையை எதிர்த்துச் சென்னை மெரினாவில் கூட்டம் திரண்டது. ஜல்லிக்கட்டு நடத்த வழிசெய்து, தமிழ்நாடு அந்த 1960 சட்டத்தைத் திருத்தியது. கர்நாடகம் எருமைப் பந்தயமான கம்பளாவுக்கும், மகாராஷ்டிரம் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் அதையே செய்தன. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு மூன்று திருத்தங்களும் செல்லும் என்றது. விலங்குக்கு அடிப்படை உரிமை உண்டு என்று சொல்ல முன்னுதாரணம் இல்லை என்றும் கூறியது. அந்த மூன்று மாநிலங்களில் ஆந்திரம் இல்லை. அதனால் ரங்கம்பேட்டைக் காளைக்கு அந்த விலக்கு பொருந்தாது.

விலங்குக்கு உரிமை உண்டா என்ற கேள்வி அமெரிக்காவிலும் எழுந்தது. நியூயார்க் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையில் இருந்த 'ஹேப்பி' என்ற ஆசிய யானைக்காக ஆட்கொணர்வு மனுவே போட்டார்கள். 2022 ஜூனில் அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 5-2 என்ற கணக்கில் மறுத்துவிட்டது. யானை சட்டத்தின் கண்ணில் 'நபர்' அல்ல என்பதுதான் காரணம்.

நபரோ இல்லையோ, வலி வலிதான். உரிமை கிடைக்கும்வரை காளைக்குக் காவல் நம் 1960 சட்டம் ஒன்றுதான். அதன் 11ஆவது பிரிவின்படி, மாட்டை அடித்து வதைத்தவர் முதல் முறை பிடிபட்டால் கட்ட வேண்டிய அபராதம் 10 ரூபாய், மிஞ்சிப்போனால் 50.