கொடி பூக்க வேண்டுமா? வெட்டும் முன் கிளையைப் பாருங்கள்

பினாங்கு சூலியா தெருவின் பழைய கடைவீடுகளில் தோட்டம் போட இடமேது? ஐந்தடி நடைபாதையின் ஓரத்திலும் நடு முற்றத்திலும் மாடிச் சன்னலிலும் வைக்கும் நாலு பூந்தொட்டிகள்தாம் தோட்டம். அவற்றில் ஏறிய கொடி இலையாகவே நிற்கும். சாமி படத்துக்குப் பூ வேண்டுமென்றால் பக்கத்து லிட்டில் இந்தியாவில்தான் சரம் வாங்க வேண்டும். வெட்டிவிட்டால் பூக்கும் என்று யாராவது சொல்லக் கேட்டு, எல்லாக் கொடியையும் ஒரே மாதிரி வெட்டுகிறவர்கள் உண்டு. தவறு அங்கேதான் நடக்கிறது. அந்தக் கொடி புதுத் தளிரில் பூக்குமா, பழைய காம்பிலேயே திரும்பப் பூக்குமா என்பது முதலில் தெரிய வேண்டும்.

மல்லிகை புதுத் தளிரில் பூப்பது. பழைய கிளையை விட்டுவைத்தால் அது நீளும், இலை தரும், பூ குறையும். தமிழ்நாட்டுத் தோட்டங்களில் குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து செய்கிறார்கள். மார்ச்சில் பூக்கத் தொடங்கிவிடும். முல்லைக்கும் பிச்சிக்கும் ஜனவரி கடைசி. (கவாத்து தேயிலைத் தோட்டத்தில் பழகியவர்களுக்குத் தெரிந்த சொல்தான். அங்கே இலைக்காக வெட்டுகிறார்கள், இங்கே பூவுக்காக!)

அந்த மாதக் கணக்கை அப்படியே பினாங்கில் பின்பற்ற வேண்டியதில்லை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகையில் இருக்கும் ஊரில் குளிர்காலம் இல்லை. பகல் நேரமும் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே ஆண்டுக்கு ஒரு பெரிய கவாத்து போதும். மழை குறையும் டிசம்பர், ஜனவரி அதற்கு ஏற்ற சமயம். காய்ந்ததையும் குச்சிபோல் மெலிந்ததையும் அடியோடு எடுத்துவிட்டு, மற்றவற்றைப் பாதிக்குக் குறைக்கலாம். பிறகு ஒவ்வொரு முறை பூத்து முடிந்ததும் அந்தக் கிளையின் நுனியை இரண்டு கணு அளவுக்குக் கிள்ளிவிட்டால் பக்கத் தளிர் வரும், மொட்டும் வரும்.

வெட்டியும் பூக்கவில்லையா? வெயிலைப் பாருங்கள். மல்லிகைக்கு அரை நாள் நேர்வெயில் வேண்டும். ஐந்தடி நடைபாதைக்கு மேலே மாடி இருப்பதால் உச்சிவெயில் அங்கே விழாது. எத்தனை முறை வெட்டினாலும் அந்த நிழலில் இலைதான் கிடைக்கும். தொட்டியை முற்றத்துக்கோ மொட்டைமாடிக்கோ மாற்றுவதே வழி. தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிப் போட்டாலும் இதே கதைதான்.

காகிதப் பூவும் புதுத் தளிரின் நுனியில் பூப்பதே. மலாய்க்காரர்களும் அதை 'பூங்ஙா கெர்தாஸ்' என்று அதே பொருளில் அழைக்கிறார்கள். தினமும் தண்ணீர் ஊற்றிச் செல்லம் கொடுத்தால் அது பூக்காது. மண் நன்றாகக் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும்.

ஹோயா என்னும் மெழுகுப்பூக் கொடிதான் கத்தரிக்கோலால் அதிகம் பாதிக்கப்படுவது. நடைபாதையின் வெளிச்சமான நிழலே அதற்குப் போதும். பூ உதிர்ந்ததும் சிறிய காம்பு ஒன்று காய்ந்ததுபோல் நிற்கும். அசிங்கமாக இருக்கிறதே என்று அதை நறுக்கிவிடுகிறார்கள். அடுத்த பூங்கொத்து வருவதோ அதே காம்பின் நுனியில்தான்! நறுக்கினால், கொடி புதுக் காம்பு விடும்வரை காத்திருக்க வேண்டும். இலையில்லாமல் நீளும் வெறும் தண்டையும் விட்டுவிடுங்கள், இலை பிறகு வரும். மொட்டு கட்டிய தொட்டியை இடம் மாற்றினால் மொட்டு உதிரலாம்.

வீட்டுக்கு வீடு தொங்கும் மணி பிளாண்ட் பூக்கவில்லை என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு செய்தி. அது தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964இல். பூப்பதற்கு வேண்டிய ஜிபரெலின் என்ற வளர்ச்சிப் பொருளை அந்தச் செடியால் போதிய அளவு உண்டாக்க முடியவில்லை என்று 2016இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதை வெட்டுவது அடர்த்தியாக வளரத்தான். வெட்டிய துண்டில் ஒரு கணுவாவது இருந்தால் தண்ணீரில் வைக்கலாம், வேர் விடும்.