பழவேற்காட்டுக் கட்டமும் கலபாரிக் கத்தியும்

ஐரோப்பியர் அல்லாத மக்களின் கலையை ஆராயும் துறை, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் முகமூடி, மரச்சிற்பம், வெண்கல வார்ப்பு ஆகியவற்றைச் சுற்றியே வளர்ந்தது. அவற்றைப் பீடத்தில் ஏற்றி, ‘இன்ன இனத்தாரின் படைப்பு’ என்று ஒரே வரியில் சீட்டு எழுதிவிட முடிந்ததும் அதற்கு ஒரு காரணம். அந்த ஒரு வரிக்குள் அடங்காத பொருளொன்று, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, ஏரிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் பழவேற்காட்டின் பெயரைச் சுமந்து நெடுங்காலம் உலகச் சந்தைகளில் உலவியது. கட்டம் போட்ட பருத்தித் துணியே அது.

ஒல்லாந்தர் 1613இல் பழவேற்காட்டில் ஜெல்டிரியா கோட்டையை எழுப்பியதற்குத் துணியே முதன்மைக் காரணம்; தென்கிழக்காசியத் தீவுகளில் மிளகுக்கும் கிராம்புக்கும் ஈடாகச் சோழமண்டலக் கரைத் துணியைத்தான் கேட்டார்கள். 1639இல் ஆங்கிலேயர் சென்னையில் காலூன்றிய பிறகு அதே சரக்கு அவர்கள் கப்பல்களிலும் ஏறியது. வண்ணக் கட்டமிட்ட கைக்குட்டைத் துணிக்கு ஐரோப்பிய வணிகர்களிடையே ‘புலிகாட்’ என்பதே பெயராக நிலைத்துவிட்டதால், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நெசவாளர்கள் போலிகளை நெய்தபோதுகூட அந்தப் பெயரிலேயே விற்றார்கள். ஊரின் பெயர் இப்படிக் கடல் கடந்து சரக்கின் பெயரானபோதும், அதை நெய்தவர்களின் பெயர்களைக் கணக்கேடுகள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

இத்துணியில் அச்சு கிடையாது. கடலோர மணற்பாங்கில் விளையும் சாயவேரிலிருந்து சிவப்பும் அவுரியிலிருந்து நீலமும் நூலிலேயே ஏற்றப்பட்டு, நீளவாட்டில் ஓடும் பாவிலும் குறுக்கே ஓடும் ஊடையிலும் நிறங்கள் முறைவைத்துக் கோக்கப்பட்டதால், உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற வேறுபாடின்றி இரு புறமும் ஒரே கட்டமாக அமைந்தது. சாயம் பிடிப்பதற்காக நூலில் ஏற்றிய எண்ணெயின் வாசனை துணியில் தங்கியது. அதுவே பிற்காலத்தில் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் அசலையும் போலியையும் பிரித்தறியும் அடையாளமாகவும் ஆயிற்று.

மேற்கு ஆப்பிரிக்காவுக்கு இது போன வழியில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இந்தியப் பருத்தித் துணி அங்கே அடிமைகளை வாங்கக் கொடுத்த விலையின் ஒரு பகுதி. பிரித்தானியர் 1807இல் அடிமை வணிகத்தைத் தடைசெய்த பின்னர் அதே துணி பனையெண்ணெய்க்கு மாற்றாகப் போயிற்று. கரீபியத் தீவுகளான மார்த்தினீக்கிலும் குவாதலூப்பிலும் பெண்களின் தலைக்கட்டு இன்றும் ‘மத்ராஸ்’ எனப்படுவது அந்த வணிகம் விட்டுச்சென்ற தடமே.

நைஜர் ஆற்றுக் கழிமுகத்தின் தீவுகளில் வாழும் கலபாரி மக்கள், மீன்பிடிப்பிலும் இடைத்தரகு வணிகத்திலும் தேர்ந்தவர்கள். ‘இஞ்சிரி’ என்று அவர்கள் அழைக்கும் சென்னைக் கட்டத்துணியை அவர்கள் நெய்வதில்லை. நெய்து வந்ததை அப்படியே உடுத்துவதோடு நிற்பதுமில்லை. கலபாரிப் பெண்கள் ஊசிமுனையால் குறிப்பிட்ட நூல்களை, பெரும்பாலும் வெளிர்நிற நூல்களை, நிமிண்டித் தூக்கி, சிறு கத்தியாலோ சவர அலகாலோ வெட்டி உருவி எடுத்துவிடுகிறார்கள். உருவிய இடத்தில் வலைப்பின்னல்போல் இடைவெளி விழ, எஞ்சிய அடர்நிற நூல்களில் புதியதோர் உருவம் எழுகிறது. ‘பெலெட்டே பிட்டே’ என்பது இந்த வெட்டுநூல் துணிக்குப் பெயர். பின்னல்வேலையும் பூத்தையலும் துணியில் எதையேனும் சேர்த்தே அழகு செய்ய, இக்கலை முழுக்க முழுக்கக் கழித்தலாலேயே நடக்கிறது. ஒரு நூல் தவறினால் திருத்த வழியில்லை. கட்டங்களே எண்ணிக்கைக்கு அளவுகோலாக நிற்பதால், நெசவாளர் பாவில் வகுத்த கணக்கின்மேல்தான் வெட்டுபவரின் கணக்கு ஏறுகிறது.

இதே கலபாரி மக்களின் வேறொரு கலைவடிவம் மேற்கத்திய அறிஞர்களின் கண்ணில் வெகுமுன்னரே பட்டுவிட்டது. மறைந்த வணிகக் குடும்பத் தலைவர்களின் நினைவாக மரத்தில் செய்து வழிபட்ட முன்னோர் திரைகளைக் காலனிய அதிகாரி பி. அமாரி டால்பட் 1916 வாக்கில் பெற்று இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவற்றுள் சில இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்திலும் ஆக்ஸ்ஃபர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்திலும் உள்ளன. ஒரே மரத்தில் குடையாமல் துண்டுகளை இணைத்துச் செய்த அந்தத் திரைகளில், ஐரோப்பியக் கப்பல்கள் கொண்டுவந்த சட்டமிட்ட படங்களின் சாயல் இருப்பதாக ஆய்வாளர் சிலர் கருதுவதுண்டு. ஆக, கலப்பு இரண்டிலும் இருந்தது. மரத்தில் இருந்த கலப்பு மன்னிக்கப்பட்டது, துணி மட்டும் இறக்குமதிச் சரக்கு என்று ஒதுக்கப்பட்டது. பெண்களின் கைவேலை என்பதும் அந்த ஒதுக்கலில் பங்கு வகித்திருக்க வேண்டும்.

இந்நிலையை மாற்றியவர்கள் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜோன் ஐக்கரும், கலபாரி இனத்திலேயே பிறந்த அறிஞர் டோன்யே எரெகோசிமாவும் ஆவர். 1981இல் ‘ஆப்பிரிக்கன் ஆர்ட்ஸ்’ இதழில் வெட்டுநூல் துணியைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரை, அயல்பொருள் ஒன்று எவ்வாறு ஒரு மக்களின் சொந்தப் பொருளாகிறது என்பதை விளக்க ‘பண்பாட்டு உரிமையாக்கம்’ என்று தமிழில் சொல்லத்தக்க ஒரு கருத்தைப் பயன்படுத்தியது. வந்த சரக்கில் தமக்கு ஏற்றதை மட்டும் பொறுக்குதல், அதற்குத் தம் மொழியில் பெயரிடுதல், இன்னார்க்கு இன்ன தருணத்தில் உரியது என்று சமூகத்தில் இடம் வகுத்தல், இறுதியாகப் பொருளின் வடிவத்தையே மாற்றுதல் என்று அது நான்கு படிகளைக் காட்டுகிறது. முதல் மூன்றையும் எந்தச் சந்தையிலும் காணலாம். கலபாரித் துணியைத் தனித்து நிறுத்துவது நான்காம் படியே.

ஐக்கரின் வழியில் சாண்ட்ரா எவன்சன் 1994இல் சென்னைத் துணியின் உற்பத்தி வரலாற்றை ஆராய்ந்ததனால் கதையின் இந்தியப் பக்கமும் துலங்கியது. வாங்குவோர் விரும்பிய நிறமும் கட்ட அளவும் வணிகர் வழியே தறிக்கு வந்து சேர்ந்தன. தாம் பார்த்தேயிராத மக்களின் இரசனைக்கேற்ப இக்கரை நெசவாளர்கள் பாவை மாற்றிக்கொண்டார்கள். அப்படியானால் அதைத் தமிழ்நாட்டுக் கலை என்பதா, ஆப்பிரிக்கக் கலை என்பதா என்ற கேள்விக்கு ஒரே பெயரை விடையாகத் தேடுவதே பிழை. ‘மேற்கு அல்லாதது’ என்ற பிரிவு இரு மக்களையும் ஒரே மூட்டையில் கட்டினாலும், அவர்களுக்கிடையே நடந்த கொடுக்கல் வாங்கலைக் காட்டுவதில்லை.

பழவேற்காட்டுக்கு வரும் பயணி இன்று காண்பது, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள ஒல்லாந்தர் கல்லறைகளையும், அவற்றின் நுழைவாயிலில் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிலைகளையும்தான். கல் நிலைத்தது, உடுத்திக் கிழிந்து கந்தலான துணி இவ்வூரில் தடமின்றிப் போனது. கலபாரிக் குடும்பங்களிலோ பழந்துணிகள் தலைமுறை தலைமுறையாகப் பெட்டிகளில் காக்கப்பட்டு, மூத்தோர் இறந்தால் வீட்டில் அலங்கரிக்கப்படும் சாவுக் கட்டில்களின்மேல் மடிப்பு மடிப்பாக விரிக்கப்படுகின்றன; இச்சடங்கைப் பற்றியும் ஐக்கரும் எரெகோசிமாவும் 1987இல் எழுதியுள்ளனர். அப்பெட்டிகளில் உள்ளவை அனைத்தும் பழவேற்காட்டைச் சுற்றிய தறிகளில் நெய்தவை அல்ல. ஆந்திரத்தின் சீராலா போன்ற ஊர்களின் துணியும் ‘மத்ராஸ்’ என்ற பெயரில்தான் கப்பல் ஏறியது. ஆயினும் இக்கரையின் பழைய கட்டங்களைப் பாவுக் கணக்கோடு மீட்க விரும்பும் நெசவு ஆய்வாளர், பழவேற்காட்டோடு நின்றுவிடாமல் நைஜீரியாவின் புகுமா நகரத்து வீடுகளுக்கும் போயாக வேண்டும்.