முழங்கால் இணைப்புநார் அறுவைக்குப் பின்னரான அசைவு மதிப்பீடு

முழங்கால் இணைப்புநார் அறுவைக்குப் பின்னரான அசைவு மதிப்பீடு என்பது, அறுவை செய்துகொண்ட விளையாட்டு வீரர் மீண்டும் களமிறங்கத் தகுதி பெற்றுவிட்டாரா என்பதை அறிய உதவும் சோதனை முறையாகும். இதற்கு உடலில் அணியும் உணரிகளும் பயன்படுகின்றன.

பின்னணி

முன்புறக் குறுக்கு இணைப்புநார் (பேச்சு வழக்கில் ஜவ்வு) கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி வழுவாமல் தடுக்கிறது. கபடி, காற்பந்து, மற்போர் போன்றவற்றில் திடீரெனத் திரும்பும்போது இது கிழியக்கூடும். கிழிந்த நாருக்குப் பதிலாக, பெரும்பாலும் வீரரின் தசைநாணிலிருந்து எடுத்த ஒட்டு பொருத்தப்படுகிறது. ஒட்டு உறுதிபெறப் பல மாதங்கள் ஆகும்.

இந்திய மற்போர் வீராங்கனை வினேசு போகாட் 2023 ஆகத்தில் முழங்கால் அறுவை செய்துகொண்டார். 2024 பாரிசு ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டி வரை முன்னேறிய அவர், எடை மிகுதியால் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்.

விரைந்து திரும்புவது ஆபத்தானது. டெலவர்-ஒசுலோ ஆய்வின்படி (2016), அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் வரை, களமிறங்குவதைத் தள்ளிவைக்கும் ஒவ்வொரு மாதத்திற்கும் மறுகாய வீதம் 51% குறைந்தது.

செயற்படும் முறை

தொடையிலும் கீழ்க்காலிலும் ஒவ்வோர் உணரி கட்டப்படுகிறது. அதிலுள்ள முடுக்கமானி முடுக்கத்தையும், சுழல்மானி சுழலும் வேகத்தையும் அளக்கின்றன. இரு உணரிகளின் சாய்வு வேறுபாட்டிலிருந்து முழங்கால் மடங்கும் கோணம் கணிக்கப்படுகிறது.

மின்கடத்தும் நூலால் பின்னப்பட்ட முழங்கால் உறைகளும் ஆய்வில் உள்ளன. திருப்பூர்ப் பின்னலாடையைப் போலக் கண்ணிகளால் ஆன இத்துணி நீளும்போது அதன் மின்தடை மாறுகிறது. அம்மாற்றமே மடக்கத்தைக் காட்டுகிறது.

பயன்

ஒற்றைக்காலால் தாவும் தொலைவை இரு கால்களுக்கும் ஒப்பிட்டு, 90% சமநிலை இருந்தால் போதுமெனக் கொள்வது வழக்கம். ஆயினும் அறுவை செய்த முழங்காலின் வேலையை இடுப்பும் கணுக்காலும் ஏற்றுக்கொள்வதால், தொலைவு சமமாக இருந்தும் முழங்கால் வலுவிழந்தே இருக்கலாம். முழங்கால் போதிய அளவு மடங்காமல் விறைப்பாகத் தரையிறங்குவது கண்ணுக்குத் தப்பினும் உணரியில் பதிவாகிறது.

பல நிழற்படக் கருவிகள் கொண்ட அசைவாய்வுக் கூடங்கள் செலவு மிக்கவை. பெரும்பாலும் பெருநகரங்களிலேயே உள்ளன. உணரிகளையோ அமராவதி நகர் போன்ற சிற்றூர்களின் ஆடுகளத்திற்கே எடுத்துச் செல்லலாம்.

குறைபாடுகள்

பட்டை நழுவினாலும் தோல் அசைந்தாலும் அளவீடு பிழைபடும். ஒட்டு உள்ளே எவ்வளவு ஆறியுள்ளது என்பதை உணரி காட்டாது. ஓய்வினால் மற்றக் காலும் வலுவிழந்திருந்தால் சமநிலை அளவு ஏமாற்றக்கூடும். ஆகவே தசைவலுச் சோதனை, கடந்த காலம், வீரரின் மனத்துணிவு ஆகியவற்றுடன் சேர்த்தே மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் முடிவெடுக்க வேண்டும்.