பொறுப்பைக் கொடுங்கள், தலைமைத்துவம் வளரும்

எமது பலாங்கொடை நகரைக் கடந்து ஹல்துமுல்லைப் பக்கம் செல்லும் பிரதான வீதியில், பெலிஹுல்ஓயாவில் இருக்கிறது சப்ரகமுவப் பல்கலைக்கழகம். 1996இல் திறக்கப்பட்ட அதில் முகாமைத்துவத்துக்கென்று தனிப் பீடமே உண்டு. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான். எமது பிள்ளைகளும் இங்கெல்லாம் படிக்கிறார்கள். ஆனால் பட்டம் பெற்றதும் பலர் வாப்பாவின் கடைப்பக்கம் திரும்புவதில்லை. "மகனுக்கு வியாபாரத்தில் நாட்டமில்லை" என்று நாம் கவலைப்படுகிறோம். நாட்டம் வருவதற்கு நாம் என்ன செய்தோம்?

விடுமுறையில் வரும் பிள்ளையை பில் எழுத வைக்கிறோம், வங்கிக்கு அனுப்புகிறோம். எதிலும் தீர்மானிக்கும் உரிமையைக் கொடுப்பதில்லை. விரிவுரை மண்டபத்தில் தலைமைத்துவத்தைப் பற்றிப் படிக்கலாம். ஆனால் தானே முடிவெடுத்து, மற்றவர்களைச் சேர்த்து வேலைசெய்து, இலாப நட்டத்துக்குத் தானே கணக்குச் சொல்லும்போதுதான் அது கைக்கு வரும்.

நபி (ஸல்) அவர்கள் தமது இறுதிக் காலத்தில், மூத்த ஸஹாபாக்கள் பலர் இருந்த ஒரு படைக்கு இளைஞரான உஸாமா பின் ஸைத் (ரழி) அவர்களைத் தளபதியாக்கினார்கள். வயதைக் காட்டிச் சிலர் குறை சொன்னபோதும் அந்த நியமனத்தை மாற்றவில்லை.

பிள்ளையின் படிப்பு கடைக்கு உதவுமா என்று கேட்பவர்கள் 2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் மாத ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாயைத் தொட்டது. இறக்குமதிச் சரக்கைப் பழைய கொள்விலையில் இலாபம் வைத்து விற்றவர், அந்தப் பணத்தில் அதே அளவு சரக்கை மீண்டும் வாங்க முடியாமல் தவித்தார். அடுத்த கொள்முதலுக்கு எவ்வளவு செலவாகும் என்று பார்த்து விலை வைக்க வேண்டும் என்பது முகாமைத்துவ மாணவன் படிக்கும் பாடம். எந்தத் தோட்டத்து வாடிக்கையாளர் சம்பளத்தன்று கடனைத் தீர்ப்பார் என்பது அனுபவமுள்ள சேல்ஸ்மேனுக்குத் தெரிந்த பாடம். இரண்டும் ஒரே கடையில் சேர வேண்டும்.

என் யோசனை இதுதான். புடவைக் கடையென்றால், தீபாவளிக்கான சிறுவர் உடுப்புக் கொள்முதலை மட்டும் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். நட்டம் வந்தாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையை முன்கூட்டியே நிர்ணயித்துக் கொடுங்கள். புறக்கோட்டைக்குப் போகுமுன் என்ன வாங்கப் போகிறார், ஏன் என்று ஒரு தாளில் எழுதட்டும். பழைய ஊழியர்களிடம் ஆலோசனை கேட்கச் சொல்லுங்கள். தன்னைவிட வயதில் மூத்தவரிடம் மரியாதையோடு வேலைவாங்குவது பெரிய பயிற்சி. இடையில் நீங்கள் புகுந்து விலையை மாற்ற வேண்டாம். ஊழியர் முன்னிலையில் ஏசவும் வேண்டாம். பண்டிகை முடிந்ததும் விற்றது, மிஞ்சியது, கடனில் நிற்பது மூன்றையும் அவரே கணக்குக் காட்டட்டும். சரக்கு மிஞ்சினால், எழுதிய தாளை எடுத்து எங்கே பிசகியது என்று இருவரும் பாருங்கள்.

மகளுக்கும் இதே வாய்ப்பைக் கொடுங்கள். கணக்கையும் கொள்முதலையும் திறமையாகக் கையாளும் பெண்பிள்ளைகள் எம்மிடம் இருக்கிறார்கள். பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளை உங்கள் வீட்டில் இல்லையென்றால், அயல்வீட்டு மாணவருக்கு ஒரு விடுமுறைக் காலத்தில் சம்பளத்துடன் இடம் கொடுங்கள்.

சாவிக்கொத்தைக் கடைசி நாள்வரை இடுப்பில் வைத்திருந்து, பிறகு திடீரென்று கொடுத்தால் வாங்குபவருக்குப் பூட்டே தெரியாது. இன்றே ஒரு அலுமாரியின் சாவியையாவது கொடுங்கள். அல்லாஹ் எமது வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக!