பளார் என்று ஓர் அறை; காது ஜவ்வில் ஓட்டை! ஒட்டுப் போட எது நல்லது?

கன்னத்தில் 'பளார்' என்று ஓர் அறை. 'ஙொய்' என்று ஒரு சத்தம். அப்புறம் அந்தக் காது மந்தம்!

குழாயடிச் சண்டை, பஸ் தகராறு, வீட்டுச் சண்டை என்று அடிபட்டு, காது ஜவ்வு கிழிந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் உண்டு. சின்ன வயசிலிருந்தே சீழ் வடிந்து ஓட்டை விழுந்தவர்களும் உண்டு.

ஜவ்வின் கனம் எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்குதான்!

எண்ணெய் விடாதீங்க!

அடிபட்டு விழுந்த ஓட்டை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மூடிவிடும். அதுவரை காதுக்குள் எண்ணெயோ தண்ணீரோ போகக் கூடாது. மூன்று மாதம் ஆகியும் மூடவில்லையா? ஆபரேஷன் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டியதுதான்.

தோல் போய் தசை உறை

1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனி டாக்டர்கள் உல்ஸ்டைன், ஜோல்னர் ஆகியோர் தோலை வைத்து ஒட்டினார்கள். தோல் செதில் உதிர்ந்து உள்ளே தேங்கித் தொல்லை கொடுத்தது.

இப்போது அதிகம் பயன்படுவது, காதுக்கு மேலே உள்ள பொட்டுத் தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை. பக்கத்திலேயே எடுத்துக் கொள்ளலாம். பொதுவாக 10 பேரில் 8, 9 பேருக்கு ஒட்டிக் கொள்கிறது.

குருத்தெலும்பு

இன்னொன்று குருத்தெலும்பு. காது துவாரத்துக்கு முன்னால் துருத்தி நிற்கிறதே, அங்கிருந்து எடுப்பார்கள். விறைப்பானது, சுருங்காது. ஓட்டை பெரிதாக இருந்தாலோ, முதல் ஆபரேஷன் தோற்றிருந்தாலோ இதுதான் தாங்கும்.

"கனமாச்சே, காது கேட்குமா?" என்ற சந்தேகம் வரலாம். மெல்லிசாகச் சீவி வைத்தால், கேட்கும் திறனில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் பல காட்டுகின்றன. ஒரு குறை: அதை ஊடுருவிப் பார்க்க முடியாது. பின்னால் மறுபடி நோய் வளர்ந்தால் தெரியத் தாமதமாகும்.

குண்டூசித் தலை அளவு ஓட்டைக்கு, தோடு போடும் காது மடலிலிருந்து எடுத்த துளிக் கொழுப்பே போதும்!

அறைகிறவர்கள் கவனத்துக்கு

அடியால் ஒரு காது நிரந்தரமாகக் கேட்காமல் போனாலும் சட்டப்படி அது 'கொடுங்காயம்'. ஜவ்வுக்கு ஒட்டுப் போடலாம்; கேசுக்கு ஒட்டுப் போட முடியாது. கை நீளுவதற்கு முன்னால் யோசிக்கணும்!