பேசாத பாத்திரங்களின் பேச்சு

சென்ற தவணையின் இறுதி வாரத்தில், எமது கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு ஒரு பழைய சிங்களத் திரைப்படத்தைக் காட்டினோம். 1963 ஆம் ஆண்டில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் உருவாக்கிய 'கம்பெரலிய' அது. படம் முடிந்து விளக்குகள் எரிந்ததும், பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், இதிலே ஒன்றுமே நடக்கவில்லையே!" என்றான். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆயினும் அவன் கூற்று அன்றிரவு முழுவதும் எம்மை விட்டகலவில்லை. பீரிஸ் என்னும் கலைஞரின் தனித்தன்மை முழுவதும் அந்த ஒரு குறைபாட்டிலேயே அடங்கியிருப்பதாக எமக்குத் தோன்றியது.

அப்படத்தில் நடப்பவை உண்மையில் அற்பமானவை அல்ல. தென்னிலங்கைக் கிராமம் ஒன்றிலே பெயர்பெற்ற முகாந்திரம் குடும்பத்துப் பெண் நந்தா. அவளுக்கு ஆங்கிலம் கற்பிக்க வரும் பியல் அவள்மீது அன்பு கொள்கிறான். பரம்பரை போதாது என்று பெற்றோர் அவனை மறுத்துவிடுகின்றனர். குலப்பெருமை உண்டு, கையிலே காசில்லை என்னும் நிலையிலுள்ள ஜினதாசவுக்கு அவள் மனைவியாகிறாள். அவன் பொருளீட்டச் சென்று மீளாது போகிறான். கொழும்பிலே வணிகத்தால் உயர்ந்துவிட்ட பியலையே அவள் ஈற்றில் மணக்கிறாள். மார்டின் விக்கிரமசிங்கவின் நாவல் இது. 1944 இல் வெளிவந்தது. வேறொரு நெறியாளர் கையில் இக்கதை அகப்பட்டிருந்தால் கண்ணீரும் கதறலும் ஆறேழு பாடல்களும் நிச்சயம். பீரிஸோ அக்காலத்து வழக்கமான ஆடல் பாடல்களை ஒதுக்கிவிட்டார். படப்பிடிப்பு நிலையத்துக்குள்ளும் போகவில்லை. உண்மையான வீட்டின் தாழ்வாரத்திலும் அறைகளிலும் கமராவை வைத்தார். நந்தாவாக நடித்த புண்ணியா ஹீந்தெனியவின் முகத்தை அது பொறுமையாக நோக்கியிருக்கிறது. விரும்பியதைச் சொல்ல உரிமையில்லாத பெண்ணுக்கு வாய் எதற்கு? கண்ணிமை தாழ்வதும், கதவோரம் ஒரு கணம் தயங்கி நிற்பதுமே அவள் பேச்சு. அதைக் கேட்கப் பழகாதவனுக்கு 'ஒன்றும் நடக்கவில்லை' என்றுதான் தோன்றும்.

இந்த அடக்கம் எத்துணைத் துணிவுடையது என்பதை அறிய, அதற்கு முந்திய நிலையைச் சிறிது நோக்கவேண்டும். முதற் சிங்களப் பேசும்படமாகிய 'கடவுனு பொறொந்துவ' 1947 இல் வெளிவந்தது. அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். உருவானது தென்னிந்தியாவில். அதன்பின் பல்லாண்டுகள் சிங்களப் படங்கள் தமிழ்ப் படங்களின் நிழலாகவே இருந்தன. மொழி சிங்களம், அரங்கும் அழுகையும் சண்டையும் சென்னைச் சரக்கு. அரசாங்கத் திரைப்படப் பிரிவிலே ஆவணப் படங்கள் எடுத்துவந்த பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்த ஆகியோருடன் அங்கிருந்து விலகி, 1956 இல் 'ரேகாவ' என்ற படத்தை வெளியிட்டார். நோய் தீர்க்கும் கை உடையவன் என்று ஊர் நம்பிய ஒரு சிறுவனின் கதை அது. கொண்டாடிய ஊரே பிறகு அவனைத் தூற்றுகிறது. மறு ஆண்டு கான் திரைப்பட விழாவிற் போட்டியிடும் பேறு அதற்குக் கிட்டியது. உள்ளூர்ப் படமாளிகைகளிலோ மக்கள் அதனை ஆதரிக்கவில்லை. எமது மாணவன் சொன்னதைத்தான் அவர்களும் அன்று சொல்லியிருப்பார்கள்.

பீரிஸ் திரும்பத் திரும்ப நாடிச் சென்ற பொருள் ஒன்றுண்டு: பழைய பெரிய வீடு. சிங்களவர் அதனை 'வலவ்வ' என்பர். நம் 'வளவு' என்னும் சொல்லோடு அது உறவுடையது என்பாரும் உளர். நிலத்தாலும் பட்டத்தாலும் வாழ்ந்த குடும்பம் நொடிந்துபோகிறது. வணிகத்தால் எழுந்தவன் வாசலுக்கு வருகிறான். உள்ளே இருப்பவர்கள் காலம் மாறியதை ஒப்புக்கொள்ள மறுக்கின்றனர். நாற்சார் வீட்டின் ஓடு ஒழுகும்போதும் முதலியார் பட்டம் பேசிய முதியோரை நாமும் யாழ்ப்பாணத்திற் கண்டவர்களே. அதனாற்றான் அப்படங்களைப் பார்க்கையில் அயல்வீட்டுக் கதை என்னும் எண்ணம் எமக்கு எழுவதில்லை.

இப்பொருள் மிகக் கொடிய வடிவம் கொள்வது 1972 இல் வந்த 'நிதானய'வில். நிதானய என்றால் புதையல். செல்வம் கரைந்துபோன பிரபுவான வில்லி, கழுத்திலே நான்கு மறுக்களுள்ள கன்னியொருத்தியைப் பலி கொடுத்தாற் புதையல் கிட்டும் என்று நம்புகிறான். அத்தகைய ஐரீனைக் கண்டு, அதற்காகவே மணம் புரிகிறான். அவளோ அவனிடம் அன்பு செலுத்துகிறாள். அவன் உள்ளமும் இளகுகிறது. எனினும் பலி நிகழ்கிறது, புதையல் கிடைக்கவில்லை, அவன் தூக்கிட்டு மாள்கிறான். காமினி பொன்சேகாவும் மாலினி பொன்சேகாவும் இதில் நடித்தனர். கொலையைவிட எம்மை நடுங்கவைத்தது அவ்விருவரும் இன்பமாகக் குடும்பம் நடத்தும் பகுதிதான். குடும்பத்தின் இழந்த பெருமையை மீட்கப் பெண்ணைப் பலியாக்குவது என்பது பேய்க்கதையில் மட்டும் உள்ளதா? சீதனப் பேச்சு நடக்கும் நம் திண்ணைகளைக் கேட்டாற் சொல்லும். சிங்களத் திரையுலகின் முதல் ஐம்பது ஆண்டுகளிற் சிறந்த படம் என இது 1997 இல் தெரிவுசெய்யப்பட்டது.

கிராமத்தை விட்டு அவர் வெளியே வந்ததும் உண்டு. 'தெலோவக் அத்தர' (1966) கொழும்புச் செல்வர் வீட்டு இளைஞன் ஒருவனைப் பற்றியது. மோட்டார் வண்டியால் ஒருவனை மோதிவிட்டு ஓடியவன் அவன். 'கொலு ஹதவத' (1968) பள்ளிப் பருவக் காதலை முதலிற் பையன் பக்கமும் பின்னர் பெண் பக்கமுமாக நின்று சொல்வது. மாணவருக்கு இதையே முதலிற் காட்டியிருக்கலாமோ என்று இப்போது நினைக்கிறோம். லெனாட் வுல்வ் 1913 இல் வெளியிட்ட நாவலை அவர் 'பத்தேகம' என்று 1980 இற் படமாக்கினார். வுல்வ் 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணத்திலே பணிபுரிந்து, பின்னர் அம்பாந்தோட்டைக்குப் போனவர். வேடன் சிலிந்து, தன் குடும்பத்தை வருத்திய தலைவனையும் கடன்காரனையும் சுட்டுக் கொல்கிறான். நீதிமன்றத்திலே வெள்ளைக்கார நீதிபதி, வுல்வ் வேடத்தில் வருபவர், வேறு யாருமல்லர்; எழுத்தாளர் ஆதர் சி. கிளாக்.

எமக்கு ஒரு மனக்குறை உண்டு. பீரிஸின் அடக்கம் சிற்சில இடங்களில் ஒதுங்கிக்கொள்ளுதலாக மாறிவிடுகிறது. சாதி என்னும் சொல்லை அவர் பாத்திரங்கள் உரக்கச் சொல்வதில்லை. அவர் காட்டும் இலங்கையில் தமிழர் முகத்தைத் தேடித்தான் காணவேண்டும். அவர் படம் எடுத்த காலத்தில் நாடு பற்றி எரிந்ததை நினைக்கும்போது இம்மௌனம் எமக்கு உறுத்துகிறது.

திரைக்குப் பின்னாலோ தமிழர் இருந்தனர். 1960 இல் வெளிவந்து மக்களாதரவு பெற்ற 'சந்தேசய' படத்தைத் தயாரித்தவர் கே. குணரத்தினம். ஹெந்தளையில் அவருக்குரிய விஜயா படப்பிடிப்பு நிலையம் 1983 ஜூலைக் கலவரத்திலே எரிக்கப்பட்டது. எரிந்த படச்சுருள்களுள் பெரும்பாலானவை சிங்களப் படங்கள். குணரத்தினம் 1989 இற் சுட்டுக்கொல்லப்பட்டார். பீரிஸ் 2018 ஏப்பிரலில், தொண்ணூற்றொன்பதாம் வயதிற் காலமானார்.

இவற்றை மறுநாள் வகுப்பிற் கூறினோம். அதே மாணவன், எரிந்தவற்றின் பிரதிகள் வேறெங்கேனும் உண்டா என்று வினவினான். சிலவற்றுக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை என்றோம். இவ்வாரம் 'நிதானய' காட்டுவதாக இருக்கிறோம்.