நுழைவுச்சீட்டு இல்லாத இசைவிழா

இசைவிழா என்றதும் பெரிய மேடையும் வண்ண விளக்குகளும் இணையத்தில் விற்றுத் தீரும் நுழைவுச்சீட்டுகளுமே பலருக்கு நினைவுக்கு வரும். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வேறொரு வகை இசைவிழா பல தலைமுறைகளாக நடந்து வருகிறது. அதை யாரும் இசைவிழா என்று அழைப்பதில்லை. ‘திருவிழா’ என்றே சொல்வார்கள். பங்குனி, சித்திரை மாதங்களில் லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் வட்டாரங்களில் பயணம் செய்யும்போது சாலையோரத்தில் வாழைமரமும் மாவிலைத் தோரணமும் கட்டியிருந்தால், செம்மண் சாலைக்கு உள்ளே ஒரு தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா என்று அறிந்துகொள்ளலாம்.

காப்புக் கட்டுவது முதல் மஞ்சள் நீராட்டு வரை அங்கே இசை இல்லாத சடங்கே கிடையாது. காலையில் பால்குடம் புறப்படும்போது நாதஸ்வரமும் தவிலும் முன்னே செல்லும். காவடிக்கும் தீமிதிக்கும் உருமி மேளம். உருமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த உறுமல் ஒலியைத் தொலைவிலிருந்தே அடையாளம் காணலாம். இரவு ரத ஊர்வலம் முடிந்ததும் திடலில் மேடை போட்டு இன்னிசை நிகழ்ச்சி நடத்துவார்கள். முற்காலத்தில் கரகாட்டமும் கோலாட்டமும் தெருக்கூத்தும் நடந்தன; வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டியதும் உண்டு. இவற்றில் எதற்கும் கட்டணம் இல்லை. பக்கத்துத் தோட்டத்தாரும் கம்பத்து மக்களும் பட்டணத்துக் கடைக்காரர்களும் வந்து நிற்கலாம், கேட்கலாம், அன்னதானத்தில் அமர்ந்து சாப்பிடலாம்.

வாழ்க்கைச் செலவினம் உயரும்போது, சீட்டு விற்கும் விழாக்களில் அந்த உயர்வு சீட்டின் விலையிலேயே தெரிந்துவிடும். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா 1970-இல் தொடங்கியபோது நுழைவுக் கட்டணம் ஒரு பவுன். குடிக்கப் பாலும் இலவசமாகக் கொடுத்தார்கள். 2025-இல் அதே விழாவின் கட்டணம் 373 பவுனைத் தாண்டியது. கட்டணம் ஏறினால் வாங்க முடிந்தவர் வாங்குவார். முடியாதவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். தோட்டத்துத் திருவிழாவிலோ விலையை ஏற்றுவதற்குச் சீட்டே இல்லை. அப்படியானால், கூடிய செலவு எங்கே போய்ச் சேர்கிறது?

இதற்கு விடை காண, திருவிழாவுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பல தோட்டங்களில் ஆலயத்துக்கென ஒரு தொகை தொழிலாளர் சம்பளத்திலிருந்தே மாதந்தோறும் பிடிக்கப்பட்டது. திருவிழா நெருங்கும்போது குடும்பத்துக்கு இவ்வளவு என்று ‘வரி’ வசூலிப்பார்கள். ஒவ்வொரு நாள் பூசைக்கும் ஓர் உபயக்காரர் இருப்பார். தோட்ட நிர்வாகம் லாரியும் விறகும் கொடுத்து உதவும். பந்தலுக்கு மூங்கில் பக்கத்துக் காட்டில் கிடைக்கும். பந்தல் போடுவதும் சமைப்பதும் லயத்து மக்களே. ரொக்கமாகச் செலவான பணம் குறைவு. கொடுத்த கைகள் அதிகம். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பது அங்கே வெறும் பழமொழி அன்று, கணக்கு வழக்கே அதுதான்.

அந்தக் கைகள் குறைந்த கதை நீண்டது. 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் பெரிய தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. வேலை இழந்த தொழிலாளர்களின் நிலையைக் கண்டுதான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு ரப்பர் மரங்கள் இருந்த இடத்தைச் செம்பனை பிடித்தது. ரப்பர் மரத்தைப் பொதுவாக ஒருநாள் விட்டு ஒருநாள் விடியலில் சீவ வேண்டும். செம்பனைக் குலையை 10 முதல் 14 நாள்களுக்கு ஒருமுறை அறுத்தால் போதும். ஆகவே, அதே நிலத்துக்குக் குறைந்த ஆள்களே தேவைப்பட்டார்கள். அந்த வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். நீலாய், செண்டாயான் போன்ற இடங்களில் தோட்ட நிலங்களே வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. பிள்ளைகள் படித்துச் சிரம்பானுக்கும் காஜாங்குக்கும் கிள்ளானுக்கும் வேலைக்குப் போனார்கள். கோயில் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது.

இப்போது ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ரதத்தின் விளக்குகளுக்கும் மேடையின் ஒலிபெருக்கிக்கும் மூன்று இரவுகள் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 10 லிட்டர் டீசல் வீதம், இரவுக்கு 8 மணி நேரம் என்றால் மொத்தம் 240 லிட்டர். தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை 10 ஜூன் 2024 அன்று லிட்டருக்கு ரி.ம. 2.15-இலிருந்து ரி.ம. 3.35 ஆனது. (அதன் பிறகு சந்தை நிலவரத்துக்கேற்ப ஏறி இறங்கி வருகிறது.) முன்பு ரி.ம. 516 ஆகியிருக்கும் செலவு, அந்த ஒரே நாளில் ரி.ம. 804 ஆகிவிட்டது, கூடுதல் ரி.ம. 288. முந்நூறு குடும்பங்கள் வாழ்ந்த தோட்டமாக இருந்தால், இந்தக் கூடுதலைப் பகிர்ந்துகொள்ளும்போது ஒரு குடும்பத்துக்கு ஒரு ரிங்கிட்கூட வராது. நாற்பது குடும்பங்களே எஞ்சியிருந்தால் ஒவ்வொன்றும் ரி.ம. 7.20 கொடுக்க வேண்டும். இது டீசலுக்கு மட்டும். கூடாரம், நாற்காலி, பூ, தேங்காய், மேளம் என்று பட்டியல் நீள்கிறது. எனவே, தோட்டத்துத் திருவிழாவை நெருக்குவது விலைவாசி மட்டுமன்று. விலைவாசியைச் சுமக்கும் தோள்களின் எண்ணிக்கையும் சேர்ந்தே நெருக்குகிறது. செய்தித்தாள்களில் முதலாவதைப் பற்றி நிறையப் படிக்கிறோம். இரண்டாவதைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை.

அன்னதானத்தை எடுத்துக்கொள்வோம். 2023 ஜூலையில் இந்தியா, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு செப்டம்பர் முதல் நாள் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு ரி.ம. 2,350-இலிருந்து ரி.ம. 3,200-க்கு உயர்த்தியது. டில்லியில் எடுத்த ஒரு முடிவு, பகாவுக்கு அருகே ஒரு தோட்டத்துக் கோயிலின் பெரிய அண்டாவில் வந்து கொதித்தது எனலாம். இருந்தும் எந்த ஆலயச் செயற்குழுவும் பந்தியைக் குறைக்கத் துணியாது. வந்தவர்க்கு இலை போடாமல் அனுப்புவது இழுக்கு. அம்மனுக்குரிய அபிடேகத்தையும் அலங்காரத்தையும் குறைக்க மனம் வராது. கூடாரத்தைக் குறைத்தால் மழையில் நனைய வேண்டியிருக்கும். மிஞ்சுவது இசை. இரண்டு நாதஸ்வரம் இருந்த இடத்தில் ஒன்று போதும் என்பார்கள். பத்துப் பேர் உருமிக் குழு ஆறு பேராகும். இன்னிசை இரவு ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போகும். கூடிய செலவு போய்ச் சேரும் முதல் இடம் இதுதான். சீட்டு விலை ஏறுவதற்குப் பதிலாக, இங்கே இசையின் அளவு இறங்குகிறது.

இசைக் கலைஞர்களின் ஊதியம் ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வார்கள். இதற்குப் பொருளியலில் தெளிவான விளக்கம் உண்டு. அமெரிக்கப் பொருளியலாளர்களான வில்லியம் போமல், வில்லியம் போவன் ஆகிய இருவரும் 1966-இல் வெளியிட்ட நூலில் நிகழ்கலைகளின் சிக்கலை ஆராய்ந்தார்கள். தொழிற்சாலையில் புதிய இயந்திரம் வந்தால் ஒரு தொழிலாளி முன்பைவிடப் பல மடங்கு பொருள் செய்வார். அதனால் அவருடைய சம்பளமும் உயரும். இசையில் அது நடவாது. ஒரு மணி நேர மல்லாரிக்கும் கீர்த்தனைக்கும் அறுபது ஆண்டுக்கு முன்பு எத்தனை பேர், எவ்வளவு நேரம் தேவைப்பட்டதோ அதே ஆள், அதே நேரம்தான் இன்றும் தேவை. தவில்காரர் வேகமாக வாசித்து அரை மணியில் முடித்துவிட்டால் அதைத் திறன் என்று யாரும் பாராட்டமாட்டார்கள்! ஆனால், அந்தத் தவில்காரரும் இன்றைய விலைக்கே அரிசி வாங்குகிறார். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் ரி.ம. 900 ஆக இருந்தது. 2022 மே மாதத்தில் ரி.ம. 1,500 ஆகவும், 2025 பிப்ரவரியில் ரி.ம. 1,700 ஆகவும் உயர்ந்தது. தொழிற்சாலை வேலைக்குப் போனால் நிலையான சம்பளம் கிடைக்கும் என்னும்போது, மேளத்திலேயே இருக்கச் சொல்ல வேண்டுமானால் அதற்கு ஈடான வருமானம் கொடுத்தாக வேண்டும். 18 மார்ச் 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, திருவிழாக் காலத்தின் நடுவிலேயே கலைஞர்களின் வருமானம் நின்றுபோனது என்பதையும் மறக்கக்கூடாது. ஆகவே, கலைஞர் அதிகம் கேட்கிறார் என்பது சரியான பார்வையாக எனக்குத் தோன்றவில்லை.

தோட்டத்தில் இன்று குடியிருப்போர் குறைவு என்பதால், வெளியூரில் வாழும் பழைய தோட்டத்தாரே திருவிழாவின் பெரும் கூட்டம். அவர்கள் வரவேண்டும் என்பதற்காகப் பல ஆலயங்கள் வார நாளில் வரும் திதியை விட்டு, விழாவைச் சனி, ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டன. பத்து நாள் விழா மூன்று நாளாகவோ ஒரே நாளாகவோ சுருங்கியது. செலவைக் குறைக்க இது நல்ல வழிபோலத் தெரியும். இதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாத் தோட்டங்களும் சனிக்கிழமையையே தேர்ந்தெடுத்தால், ஒரு மேளக் குழுவுக்கு மாதத்தில் நான்கு சனிக்கிழமைகளே உள்ளன. கூடாரக்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் அப்படியே. தேவை ஒரே நாளில் குவிவதால் வாடகை ஏறுகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை அதே மேளம் உறையில் கிடக்கிறது.

இனி, வருவோரின் பக்கம். கிள்ளானில் குடியிருக்கும் ஐவர் கொண்ட குடும்பம் பகாவ் வட்டாரத் தோட்டத்துக்குப் போய்வர 250 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். பெட்ரோல் விலையைக் குறை சொல்வது எளிது. உண்மையில் ரோன்95 பெட்ரோல் 2021 முதல் லிட்டருக்கு ரி.ம. 2.05-இலேயே நிலைத்திருந்தது, 2025 செப்டம்பர் இறுதியில் குடிமக்களுக்கு ரி.ம. 1.99 ஆகக் குறைந்தது. சுமை வேறு இடங்களில் ஏறியது. சாலைக் கட்டணம், வழியில் ஐந்து பேருக்குச் சாப்பாடு, பால்குடத்துக்கும் அர்ச்சனைக்கும் பொருள், பிள்ளைகளுக்குப் புதுத்துணி, உண்டியல், உறவினர் வீட்டுக்குப் பழம் என்று ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகக் கூடியது. முன்பு தாத்தா பாட்டியின் லயத்து வீட்டில் பாய் விரித்துப் படுத்தார்கள். லயம் இடிக்கப்பட்ட பிறகு தங்க இடமில்லை. எனவே, மூன்று நாள் வந்தவர்கள் ஒரு நாள் வருகிறார்கள். காலையில் வந்து பால்குடம் எடுத்துவிட்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். இரவு ரதத்துக்கும் இன்னிசைக்கும் இருப்பதில்லை. இசையைக் கேட்க ஆள் குறைந்தால், அடுத்த ஆண்டு செயற்குழுக் கூட்டத்தில் ‘யாருக்காக இவ்வளவு செலவு?’ என்ற கேள்வி எழும். மேளம் குறைந்த விழாவுக்கு மறுமுறை பிள்ளைகள் வர ஆர்வம் காட்டுவதில்லை. இப்படி ஒன்று மற்றொன்றைப் பிடித்து இழுக்கிறது.

இழுபறிக்கு நடுவே சில ஆலயங்கள் வழி கண்டிருக்கின்றன. பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள் அடுத்தடுத்த வாரங்களில் விழாவை வைத்து, ஒரே குழுவை முன்கூட்டியே பேசி அமர்த்துவது ஒன்று. ஊர்ப் பிள்ளைகளுக்கே உருமியும் தப்பும் பழக்குவது இன்னொன்று. நாட்டில் உருமி மேளக் குழுக்கள் பெருகியதற்கு இளைஞர்களின் இந்த ஆர்வமே காரணம். நாதஸ்வரத்துக்கு இவ்வழி எளிதன்று. மூச்சும் விரலும் பண்பட ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். பெரிய நகர ஆலயங்கள் தமிழ்நாட்டிலிருந்து கலைஞர்களை ஒப்பந்தத்தில் வரவழைக்கின்றன. விமானச்சீட்டு, தங்குமிடம், வேலை அனுமதி எல்லாம் சேர்ந்த அந்தச் செலவு நாற்பது குடும்பத் தோட்டத்துக்குக் கட்டுப்படியாகாது.

மலிவான வழி ஒலிப்பதிவு. ஒரு கைப்பேசியும் ஒலிபெருக்கியும் இருந்தால் புகழ்பெற்ற வித்துவான்களின் நாதஸ்வரம் இரவு முழுதும் ஒலிக்கும். சாப்பாடு போட வேண்டாம், வேன் அனுப்ப வேண்டாம். ரத ஊர்வலத்தில்தான் வேறுபாடு தெரியும். ரதம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். தட்டு எடுத்து வரத் தாமதமாகும் பாட்டிக்காகக் காத்திருக்கும். நேரில் வாசிப்பவர் அதைப் பார்த்துக்கொண்டே ராகத்தை நீட்டுவார். தீபாராதனை காட்டும் கணத்தில் தவில்காரருக்குக் கண்ணைக் காட்டுவார், கெட்டிமேளம் முழங்கும். பதிவு செய்த இசை யாருக்காகவும் நிற்பதில்லை. பாட்டி கற்பூரம் ஏற்றும் முன்பே பாட்டு முடிந்து, அடுத்த பாட்டு தொடங்கியிருக்கும்.